மலைக்காடும் மழைநீரும்: கிளெகார்ன் துரையின் சரிதம்

சங்கப் புலவர் பாடிய மலைகளுள் கொல்லிமலை சிறந்ததொன்று. வல்வில் ஓரி ஆண்டதும், கொல்லிப்பாவை நின்றதாகக் கூறப்படுவதும் அம்மலையே. ஆதலின், தமிழ் பயிலும் மாணவர்க்கு அதனை ஒருமுறையேனும் காணவேண்டும் என்னும் அவா எழுதல் இயல்பு. சென்ற பங்குனித் திங்களில் நாம் சிலர் கூடி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சென்றோம். அறப்பளீசுவரர் கோயிலைக் கண்டபின், பல நூறு படிகள் இறங்கி, ஐயாறு ஏறக்குறைய 300 அடி உயரத்தினின்று வீழும் ஆகாய கங்கை அருவியை அடைந்தோம். பேரிரைச்சலை எதிர்பார்த்துச் சென்ற நமக்குக் காணக் கிடைத்தது, கரும்பாறையின்மேல் வெள்ளை நூல் தொங்கவிட்டாற்போன்ற ஒரு சிறு நீரோட்டமே.

திரும்பி ஏறும் வழியில் இளைப்பாறியிருந்தபோது, மலைவாழ் பெரியவர் ஒருவர் நம்முடன் அளவளாவினார். தாம் சிறுவராயிருந்த காலத்தில் மாசி பங்குனியிலும் ஓடைகள் வற்றாதிருந்தன என்றும், இப்போதோ ஐப்பசி கார்த்திகையில் ஓரிரு நாளில் வெள்ளமாய் ஓடித் தைக்குள் மெலிந்துவிடுகின்றன என்றும் அவர் கூறினார். பின்னர், படித்த பிள்ளைகளாகிய நம்மை நோக்கி ஒரு வினாவும் எழுப்பினார். மழை குறைந்ததனால் காடு குறைந்ததா, காடு குறைந்ததனால் மழை குறைந்ததா என்பதே அவ்வினா. நம்மால் விடை கூற இயலவில்லை. நாணத்தோடு இறங்கி வந்தோம்.

கல்லூரி நூலகத்தில் இவ்வினாவைப் பற்றி நாம் தேடத் தொடங்கியபோது, இஃது இன்று நேற்று எழுந்த ஐயமன்று என்பதை அறிந்தோம். 1850-ஆம் ஆண்டிலேயே இதே வினாவை அறிஞர் குழு ஒன்று ஆராய முற்பட்டது. அக்குழுவின் முதல்வராய் நின்று, பின்னர்ச் சென்னை மாகாணத்துக் காடுகளுக்கெல்லாம் முதற் காவலராய் அமைந்தவர் ஒருவர் உண்டு. அவர் பிறந்தது நம் சென்னை நகரிலேயே. அவர்தாம் டாக்டர் ஹியூ கிளெகார்ன். அவருடைய வாழ்க்கையை நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிளெகார்ன் 1820-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். அவர் தந்தையார் சென்னை உச்சநீதிமன்றத்தில் அலுவல் பார்த்தவர். பாட்டனாரின் பெயரும் ஹியூ கிளெகார்ன் என்பதே. அப்பாட்டனார் ஸ்காத்லாந்து தேசத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்தவர். இலங்கையில் டச்சுக்காரருக்குத் துணைநின்ற சுவிட்சர்லாந்துப் படையை 1795-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பக்கம் திருப்பிய சூழ்ச்சியில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பின்னர் அவரே இலங்கையின் முதற் குடியேற்றச் செயலாளரானார். இங்ஙனம் பாட்டன் காலந்தொட்டுத் தமிழ் வழங்கும் நிலத்தோடு தொடர்புடைய குடும்பம் அது.

அக்காலத்து ஆங்கிலேயர் தம் குழந்தைகளை இந்நாட்டு வெப்பத்தில் நெடுநாள் வைத்திருப்பதில்லை. நான்கு வயதுச் சிறுவராயிருந்தபோதே கிளெகார்ன் கப்பலேற்றி அனுப்பப்பெற்று, ஸ்ட்ராவிதி என்னும் குடும்பப் பண்ணையில் பாட்டனாரின் பாதுகாப்பில் வளர்ந்தார். செயின்ட் ஆண்ட்ரூசிலும் எடின்பரோவிலும் கல்வி கற்று, 1841-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவம் பயில்வோர் மூலிகைகளை அறிதல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. ஆகவே தாவர நூலும் அவருடைய பாடமாயிற்று. அப்பாடமே பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கையை நடத்திச் சென்றது.

1842-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகத் தாம் பிறந்த சென்னைக்கே மீண்டார். சில ஆண்டுகளில் மைசூர் நாட்டுச் சிமோகாவில் அமர்த்தப்பெற்றார். அடர்ந்த மலைக்காடுகள் சூழ்ந்த இடம் அது. நாள்தோறும் ஒரு செடியையேனும் உற்று நோக்குவது என்னும் நியமத்தை அவர் அங்கே மேற்கொண்டார். இந்திய ஓவியர் ஒருவரை அமர்த்தி, நோக்கிய செடிகளை வண்ணத்தில் எழுதுவித்தார். அவ்வோவியங்களுட் பல எடின்பரோ அரசர் தாவரத் தோட்டத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நாளொன்றுக்கு ஒரு செடி என்பது சிறு செயலாகத் தோன்றலாம். ஆண்டுகள் சில அவ்வாறே கழிந்தால், அஃது ஒரு பெருங்கல்வியாகிவிடும் என்பதற்கு இவர் வாழ்வே சான்று. தேர்வு நெருங்கும்போது மட்டும் ஏட்டைத் திறக்கும் நம்மனோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

மைசூர்க் காய்ச்சல் அவரை வாட்டிற்று. 1848-இல் உடல் தேறும்பொருட்டுத் தாயகம் சென்றார். ஓய்வுக்கென்று சென்றவர் ஓய்ந்திருக்கவில்லை. 1850-இல் பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் எடின்பரோவிற் கூடியபோது, வெப்பநாட்டுக் காடுகள் அழிவதனால் விளையும் பொருளாதார, இயற்கை விளைவுகளை ஆராயுமாறு ஒரு குழு அமைக்கப்பட்டது. கிளெகார்னுடன் ராயில், பேயர்டு ஸ்மித், ஸ்டிரேச்சி என்போர் அதில் உறுப்பினர். முதல்வர் மருத்துவரும் தாவர நூல் வல்லுநருமானவர். மற்றையிருவரும் பொறியியல் வல்லுநர். அவர்கள் அறிக்கை 1851-இல் இப்ஸ்விச்சு நகரக் கூட்டத்தில் படிக்கப்பட்டது. சென்னையிலும் இவ்வெண்ணம் முன்னமே முளைத்திருந்தது. பிற்காலத்தில் சென்னைப் பொருட்காட்சிச் சாலையை நிறுவிய எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர், மரங்களுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைக் குறித்து 1849-இல் ஒரு கட்டுரை வரைந்திருந்தார்.

1852-இல் கிளெகார்ன் சென்னைக்குத் திரும்பி, மருத்துவக் கல்லூரியில் தாவர நூலும் மருந்து நூலும் கற்பிக்கும் பேராசிரியரானார். வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராகவும் பணிபுரிந்து, அச்சங்கத்தின் தோட்டத்துச் செடிகளை அட்டவணைப்படுத்தி 1853-இல் வெளியிட்டார். நான்காண்டுகள் இவ்வாறு சென்றன. 1856-இல், ஆளுநராயிருந்த ஹாரிஸ் பிரபு சென்னை மாகாணத்துக்கு ஒரு வனத்துறையை அமைக்கக் கருதி, அதன் முதற் காவலராகக் கிளெகார்னைத் தெரிந்தெடுத்தார்.

அவ்வாண்டின் நிலைமையை ஈண்டுக் கூறுதல் வேண்டும். 1856 ஜூலை மாதத்தில்தான் இராயபுரத்தினின்று வாலாஜா வரை தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளை யார்டுக்கு ஒன்றாக வைத்தால், ஒரு மைலுக்கு 1760 கட்டைகள் வேண்டும். வெயிலும் கறையானும் அவற்றைச் சில ஆண்டுகளிலேயே அரித்துவிடும். மீண்டும் மரம் வெட்டல் வேண்டும். அன்றியும் நீராவி வண்டியின் அடுப்புக்கு விறகும் வேண்டும். கப்பல் கட்டத் தேக்கு, பாலங்கட்ட மரம், பட்டாளத்துக்கு விறகு என எல்லாரும் கோடரியோடு மலையை நோக்கினர். காப்பித் தோட்டக்காரர் ஒருபுறம் சோலைகளை அழித்தனர். ஒப்பந்தக்காரர் மற்றொருபுறம் நல்ல மரங்களையெல்லாம் சாய்த்தனர். எவர் எவ்வளவு வெட்டினர் என்பதற்குக் கணக்கே இல்லை.

இந்நிலையில் கிளெகார்ன் காடு காடாகச் சுற்றிப் பார்த்தார். ஆனைமலையின் தேக்குக் காடுகளையும், நீலகிரியின் சோலைகளையும், வடகன்னட மலைகளையும் ஆராய்ந்தார். மலையாள ஆட்சியாளர் கானலி 1840-களில் சாத்து மேனோன் என்பவரின் துணைகொண்டு நிலம்பூரில் தொடங்கியிருந்த தேக்குத் தோட்டத்தைக் கண்டு, வெட்டுவதோடு நடுவதும் இயலும் என்று உணர்ந்தார். மரம் வெட்டுதற்கு அனுமதிமுறை வகுத்தார்; வெட்டத் தகாத மரங்களை வரையறுத்தார்; உதவியாளரைப் பயிற்றினார். அவர்களுள் ஒருவரான பெட்டோம், பின்னர் அவர் இடத்தில் அமர்ந்து, தென்னாட்டுத் தாவரங்களையும் ஊர்வனவற்றையும் ஆராய்ந்து புகழ்பெற்றார். கிளெகார்ன் தம் ஆண்டறிக்கைகளையும் பயணக் குறிப்புகளையும் தொகுத்து, தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும் என்னும் பொருளுடைய நூலாக 1861-இல் இலண்டனில் வெளியிட்டார். இந்தியக் காடுகளைப் பற்றிய தொடக்க நூல்களுள் அஃது ஒன்றாகும்.

அதே ஆண்டில் மேபல் கவன் என்னும் நங்கையை மணந்தார். விடுமுறை முடிந்து திரும்பியவரை அரசாங்கம் வடக்கே அனுப்பியது. பஞ்சாப் இமயச் சாரலின் தேவதாரு வனங்களையும், அவற்றினின்று மரங்கள் மிதந்துவரும் ஆறுகளையும் ஆராய்ந்து 1864-இல் பேரறிக்கை ஒன்றை அளித்தார். அவ்வாண்டில் இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியாக ஜெர்மானியராகிய பிராண்டிஸ் அமர்த்தப்பெற்றபோது, அவரோடு ஒத்துழைத்தார். பிராண்டிஸ் விடுமுறையில் இருந்தபோது அவர் பதவியைத் தாமே வகித்தார். 1860-களின் இறுதியில் இந்தியாவை விட்டுச் சென்று, ஸ்ட்ராவிதிப் பண்ணையிற் குடியமர்ந்தார். ஓய்வுக் காலத்திலும் ஸ்காத்லாந்து மரவளர்ப்புச் சங்கத்தின் தலைமை, எடின்பரோவில் வனக்கலைக் கல்வி தொடங்கும் முயற்சி முதலியவற்றில் ஈடுபட்டு, 1895 மே 16-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். ராபர்ட் வைட் என்னும் தாவர அறிஞர் ஒரு செடியினத்துக்குக் கிளெகார்னியா என்று பெயரிட்டு 1848-லேயே அவரைப் பெருமைப்படுத்தியிருந்தார்.

நிற்க. ஒருவருடைய சரிதத்தை எழுதுவோர் புகழ்ச்சியோடு நின்றுவிடுவது வழக்கம். ஆனால் மலைமேற் பெரியவர் எழுப்பிய வினா நம்மை அவ்வாறு நிற்கவிடவில்லை. கிளெகார்னின் கொள்கையில் மெய்யானது எது, திருந்தவேண்டியது எது என்று பார்த்தல் கடமையாகிறது.

மலைமேற் பெய்யும் மழை முழுவதும் ஓடையாய் இறங்குவதில்லை. ஒரு பகுதி இலைகளில் தங்கி ஆவியாகிறது. ஒரு பகுதியை வேர்கள் உறிஞ்ச, இலைகள் காற்றில் விடுகின்றன. ஒரு பகுதி மண்ணுட் புகுந்து, பாறை இடுக்குகளில் தேங்கி, ஊற்றாய் மெல்லக் கசிகிறது. எஞ்சியதே மேலோட்டமாய் உடனே ஓடிவிடுகிறது. காட்டின் தரையில் உதிர்ந்த சருகும், மண்புழுவும் வேரும் துளைத்த மண்ணும் நீரை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. மரத்தை நீக்கி மண்ணை இறுகவிட்டால், அதே மழை வெள்ளமாய் ஓடி, மண்ணையும் வாரிக்கொண்டு போகும். பின்பு ஊற்றுக்கு நீர் இராது. காடு நீரைத் தாங்கி மெல்ல விடுகிறது என்னும் கிளெகார்ன் குழுவினரின் கருத்து இவ்வளவில் மெய்யே.

ஆயினும், காடு தன் தலைமேலேயே மழையை வருவித்துக்கொள்ளும் என்றும், மரம் மிகுந்தால் ஆற்றுநீரும் மிகும் என்றும் அக்காலத்துப் பலர் நம்பியது பிற்கால ஆராய்ச்சியில் அவ்வாறே நிலைபெறவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்துக்குக் காரணமான மழையின்மை, நெடுந்தொலைவில் பசிபிக் பெருங்கடலின் நீர் வெப்பமுற்றதோடு தொடர்புடையது என்று இன்று அறிகிறோம். மேலும், மரமும் நீர் பருகும் உயிரே. உலகின் பல பகுதிகளிற் செய்யப்பட்ட 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளை 1982-இல் பாஷ், ஹியூலெட் என்னும் இருவர் ஒப்புநோக்கினர். மரங்களைக் குறைத்தால் ஆண்டின் மொத்த ஓட்டம் மிகுகிறது என்பதும், நட்டால் குறைகிறது என்பதும் அவர்கள் கண்ட பொது முடிபு. நீலகிரிக் கிளென்மார்கனில் புல்வெளியில் நீலக்கர்ப்பூர மரங்களை நட்டபோது, முதற் பத்தாண்டுகளில் ஓடைநீர் ஏறக்குறைய 16 விழுக்காடு குறைந்தது. சோலைகள் விறகுக்காக அழியாதிருக்க ஆஸ்திரேலிய மரங்களை நடுதல் வேண்டும் என்னும் முயற்சி கிளெகார்ன் காலத்தில் வலுப்பெற்றது என்பதை நினைக்கும்போது, நல்லெண்ணமும் அளந்து பாராதவழி முழுப்பயன் தராது என்பது விளங்கும்.

மழையின் மாறுபாட்டையும் கருதல் வேண்டும். சிறு நீர்ப்பிடிப்பு ஒன்றில் ஆண்டுக்கு 1200 மில்லிமீட்டர் மழை பெய்து, மண்ணும் மரமும் 900 மில்லிமீட்டரை ஆவியாக்குவதாக வைத்துக்கொள்வோம். ஓடைக்கு எஞ்சுவது 300. மற்றோராண்டு மழை 1000 ஆகக் குறைந்தது. மரத்தின் தாகமோ 850 அளவுக்கே குறைந்தது. ஓடைக்கு 150 மட்டுமே கிடைக்கும். மழை ஆறில் ஒரு பங்கு குறைய, ஓடை பாதியாகிவிட்டது. சிறு மலையோடையில் இவ்வேற்றத்தாழ்வு உடனே தெரியும். பேராற்றில் பல ஓடைகள் கலப்பதனால் சற்றே மறையும். 2015-இல் வடகிழக்குப் பருவமழை மிகுந்து சென்னை வெள்ளத்தில் மிதந்தது. மறு ஆண்டே அம்மழை வழக்கத்தினும் ஏறக்குறைய 62 விழுக்காடு குறைந்து தமிழ்நாடு முழுவதும் வறண்டது. இத்தகைய ஊசலாட்டத்தைக் காடு நிறுத்தமாட்டாது. அதன் கொடுமையைத் தணிக்க மட்டுமே அது வல்லது.

இனி, நம் மனத்தை மிகவும் உறுத்திய ஒன்றைக் கூறுவோம். மலையைச் சுட்டுப் புனமாக்கி, சில ஆண்டு விதைத்து, பின்பு வேறிடம் பெயரும் வேளாண்மையைக் கிளெகார்ன் காட்டின் பெரும் பகையாகக் கருதினார். குமரி என்று கன்னட நாட்டில் வழங்கிய அதனை, அனுமதியின்றி அரசாங்கக் காடுகளிற் செய்யலாகாது என்று சென்னை அரசாங்கம் 1860-இல் கட்டளையிட்டது. 1882-இல் சென்னை வனச் சட்டமும் பிறந்தது. ஆனால், தினைப்புனமும் பரணும் கிளிகடி மகளிரும் இல்லையேல் நம் குறிஞ்சித் திணை ஏது? நாம் வகுப்பறையில் வியந்து படிக்கும் அப்புனமே, அதிகாரியின் ஏட்டில் குற்றமாக எழுதப்பட்டது. நிலம் பரந்து மக்கள் குறைந்திருந்த காலத்தில், விட்ட புனம் மீண்டும் காடாக நெடுங்கால இடைவெளி இருந்தது. தண்டவாளத்துக்கும் தோட்டத்துக்கும் சாய்ந்த மரங்கள் பல இருக்க, தினை விதைத்தவன்மேல் பழி பெரிதும் விழுந்தது நடுவுநிலையாகத் தோன்றவில்லை. கிளெகார்ன் ஒப்பந்தக்காரரையும் அடக்க முயன்றவரே. எனினும் காட்டிலேயே பிறந்தவனுடைய உரிமை எது என்னும் வினா அவர் காலத்துக் கணக்கில் இடம்பெறவில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வரும்வரை அதற்கு ஏற்ற விடையும் இல்லை.

கொல்லிமலையில் இன்று சரிவுகள் பெரும்பாலும் காப்புக்காடுகள்; மேலுள்ள சமவெளிகளில் மலையாளிகள் என்னும் பழங்குடியினர் பயிரிடுகின்றனர். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களிற் பலவற்றில் மரவள்ளி வந்துவிட்டது. அதன் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. அதனைப் பறிக்கும்போது மண் கிளறப்படுகிறது. அடுத்த பெருமழை அதனை வாரிக்கொள்கிறது. மரவள்ளியை நட்டவரைப் பழித்து என்ன பயன்? சாமைக்கு விலை கிடைத்தால் அவர் சாமையே விதைப்பார். பட்டணத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசி உண்ணும் நாமும் அவ்வோடையின் மெலிவில் பங்குடையோம். கொல்லியினின்று இறங்கும் ஐயாறு புளியஞ்சோலை வழியே சென்று காவிரியை நாடுகிறது. மலைமேல் நேர்வது மலையோடு முடிவதில்லை.

அம்மலையிலே ஊரார் பேணிவரும் கோயிற்காடுகள் பல உண்டு. அங்கே எவரும் கிளை ஒடிப்பதில்லை. சட்டமும் காவலரும் தோன்றுவதற்கு முன்னரே மக்கள் தாமே வகுத்துக்கொண்ட வனக்காவல் அது. கிளெகார்னின் அறிவும் அம்மக்களின் மரபும் ஒன்றோடொன்று கைகோத்திருந்தால் எவ்வளவு நன்மை விளைந்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

பெரியவரின் வினாவுக்கு இப்போது ஒருவாறு விடை கூறலாம். மழை குறைவதற்குக் கடலும் காற்றும் காரணம். அதனைக் கொல்லிமலைக் காடு மட்டும் தடுத்துவிடாது. ஆனால் பெய்த மழை தையோடு போய்விடுமா, பங்குனிவரை நிற்குமா என்பது காட்டையும், மண்ணையும், அம்மண்ணில் நாம் விதைப்பதையும் பொறுத்தது. முன்னது நம் கையில் இல்லை. பின்னது நம் கையில் உள்ளது. அடுத்த முறை மலையேறும்போது இவ்விடையை அவரிடம் கூற விழைகின்றோம். அவர் அதனை முன்னமே அறிந்திருப்பார் என்பதும் நமக்குத் தெரியும். எனினும் கேட்டவர்க்கு விடை சொல்லாதிருத்தல் மாணவர்க்கு அழகன்று.

நாளொன்றுக்கு ஒரு செடியை நோக்கத் தொடங்கிய ஒரு மருத்துவர், ஒரு மாகாணத்தின் காடுகளைக் காக்கும் முறையை வகுத்துச் சென்றார். அவர் கண்டது முழு உண்மையன்று. காணாது விட்டதும் உண்டு. ஆயினும் கேட்கவேண்டிய வினாவைக் காலத்திற் கேட்டார். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த நாட்டில் பிறந்த நாம், அவர் விட்ட இடத்தினின்று தொடங்கி, அவர் மறந்த மக்களையும் உடன்கொண்டு அவ்வினாவைத் தொடர்ந்து ஆராய்வோமாக.